'கேப்போ' என்று சொல்லுமுன்

பினாங்கில் தமிழர் பேச்சில் 'கேப்போ' சகஜமாகப் புழங்கும் சொல். கோப்பிக் கடையில் பக்கத்து மேசைப் பேச்சுக்குக் காது கொடுப்பவர் கேப்போ. அடுத்த வீட்டில் புதுக் கார் நின்றதும், "எவ்வளவுக்கு எடுத்தீங்க, மாசம் எவ்வளவு கட்டுறீங்க?" என்று தொடங்குபவரும் கேப்போதான்.

இதையும் ஆர்வத்தையும் ஒன்றாக்குவதுதான் பெரிய தவறு. பட்டர்வொர்த் ஃபெரியில் போகும்போது, "இவ்வளவு கனமான கப்பல் எப்படிம்மா மிதக்குது?" என்று பிள்ளை கேட்கிறது. பதில் தெரியாத அவசரத்தில், "ரொம்ப கேப்போ பண்ணாதே லா" என்று வாயை அடைக்கிறோம். எனக்கு இது பொறுக்கவே இல்லை. கேப்போ என்பதில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது: உனக்குச் சம்பந்தமில்லாத அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறாய் என்று. கப்பல் மிதப்பது யாருடைய வீட்டு ரகசியம்? அந்தப் பிள்ளையிடம் இருப்பது ஆர்வம். பக்கத்து சீட் மாமாவிடம் சம்பளம் கேட்டால், அப்போது கேப்போ என்று சொல்லுங்கள், சரி.

அப்புறம், இந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றிய கதை. 'நோயிங் எவ்ரி பர்ட்டிகுலர் ஆப்ஜெக்ட்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் இது என்று இந்தோனேசியாவில் பரவலாகச் சொல்வார்கள்; இங்கேயும் வாட்ஸ்அப்பில் வரும். நம்பாதீர்கள், அது பிறகு ஒட்டவைத்த விரிவு. சொல் சீன மொழிகளில் ஒன்றான ஹொக்கியனுடையது. 'போ' என்றால் கிழவி, வயதான பெண். 'கே' கோழியையும் குறிக்கும், வீட்டையும் குறிக்கும். அதனால் கொக்கரித்துத் திரியும் கோழிக்கிழவி என்பார்கள் சிலர். வீட்டு விவகாரம் எல்லாவற்றிலும் தலையிடும் அம்மாள் என்பார்கள் வேறு சிலர். பெண்ணைக் குறித்துப் பிறந்தாலும் இன்று ஆண்களுக்கும் தாராளமாகப் பொருந்தும்.

எழுதும்போது 'கேபோ' என்று விடாதீர்கள். தமிழில் நடுவே வரும் ஒற்றைப் பகரம் மெலிந்து ஒலிக்கும். 'ப்' சேர்த்தால்தான் உச்சரிப்பு சரியாக வரும்.

கோலாலம்பூரில் இன்னொரு சீன மொழியான கான்டனீஸ் பேச்சில் இதே இடத்தில் 'பாட்குவா' வரும். அதை 'பாட்போ' என்று மாற்றிவிடாதீர்கள். அது பெண்களைத் திட்டும் கடுமையான வசவு.

பெரியவர்களை நேருக்கு நேர் கேப்போ என்பதும் மரியாதை ஆகாது. ஆனால் நம்மையே சொல்லிக்கொண்டால் சொல்லின் முள் மழுங்கிவிடும்: "அக்கா, கொஞ்சம் கேப்போவா கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க, கல்யாணம் எப்போ?" அக்கா சிரித்தால் தொடரலாம், பேச்சை மாற்றினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.