பனியன் கம்பெனி முதலாளியைப் பாட்காஸ்ட்டுக்குக் கூப்பிடுவது எப்படி, அதற்குப் பிறகு என்ன செய்வது

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனிக்கு மென்பொருள் விற்கப் போனால், செக்யூரிட்டியிடம் விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டு ரிசப்ஷனில் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் "சார் மீட்டிங்ல இருக்காருங்க" என்பதோடு முடிந்துவிடும். அதே முதலாளியிடம் "உங்க தொழில் அனுபவத்தைப் பதிவு பண்ணணுங்க" என்று கேட்டால் உட்காரச் சொல்லி டீ வரவழைப்பார். சிறு நிறுவனத்துக்குப் பாட்காஸ்ட்டால் கிடைக்கும் ஆதாயம் இந்த முக்கால் மணி நேரம்தான். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கவலையை ஒரு வருடத்துக்குத் தள்ளி வைக்கலாம். எதிரே யார் உட்காருகிறார் என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, ஆர்டர் கைக்கு வந்ததிலிருந்து ஷிப்மென்ட் கிளம்பும் வரை கணக்கு வைக்கும் மென்பொருளைப் பனியன் கம்பெனிகளுக்கு விற்கும் நான்கைந்து பேர் கொண்ட நிறுவனம் ஒன்றை வைத்துக்கொள்வோம். லேபிள், அட்டைப்பெட்டி, கூரை சோலார், ஆடிட்டிங் என எதை விற்பவருக்கும் வேலை இதேதான்.

பெயர்ப் பட்டியல்

மைக் வாங்குவதற்கு முன் 40 பெயர் எழுதுங்கள். அதில் 20 பேர் உங்களிடம் வாங்கக்கூடியவர்கள்: எத்தனை பவர் டேபிள் (தையல் மெஷின் மேசை) ஓடும் கம்பெனிக்கு உங்கள் பொருள் ஒத்துவரும் என்று ஒரு அளவு வைத்து, அதற்குள் இருப்பவர்களை மட்டும் சேருங்கள். 10 பேர் அவர்களை அறிந்தவர்கள்: பையிங் ஹவுஸ் (வெளிநாட்டு பிராண்டுகளுக்காகச் சரக்கு வாங்கித் தரும் நிறுவனம்) மேலாளர், தையல் மெஷின் டீலர், ஏற்றுமதி ஆவணம் பார்க்கும் ஆடிட்டர். மிச்சம் 10 பேர் தொழிலில் பெயர் எடுத்த மூத்தவர்கள். இவர்கள் ஒரு பைசாவுக்கும் வாங்க மாட்டார்கள். ஆனால் "அவரு பேசியிருக்காரு" என்பதற்காகவே அடுத்தவர் வருவார்.

முதல் மூன்று பதிவும் ஏற்கெனவே உங்கள் வாடிக்கையாளராக இருப்பவர்களுடன் இருக்கட்டும். சொதப்பினாலும் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றையும் எடிட் செய்து கையில் வைத்துக்கொண்டுதான் முதல் அத்தியாயத்தை வெளியிட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவது விருந்தினரைத் தேட ஆரம்பிப்பவர்களின் நிகழ்ச்சி ஆறாவது அத்தியாயத்தைத் தாண்டுவது அபூர்வம்.

நிகழ்ச்சிக்கு உங்கள் மென்பொருளின் பெயரை வைக்காதீர்கள். தன் அனுபவத்தைச் சொல்ல வரும் மனிதர் இன்னொருவர் விளம்பரப் பலகைக்குக் கீழே உட்கார விரும்ப மாட்டார். தொழிலைக் குறிக்கும் பெயராக, சொன்னதும் எந்த ஊர் என்று தெரிகிற பெயராக இருக்கட்டும்.

அழைப்பு

முன்பின் தெரியாத எண்ணிலிருந்து நேராக அழைப்பதைவிட, இருவருக்கும் தெரிந்த ஒருவர் மூலம் போவதே இந்த ஊர் வழக்கம். அவர் ஒரு வார்த்தை சொல்லி வைத்த பிறகு வாட்ஸாப்பில் இப்படி அனுப்பலாம்:

"வணக்கங்க சார். மெஷின் டீலர் அண்ணன் உங்க நம்பர் கொடுத்தாருங்க. பனியன் தொழில்ல இருக்கறவங்களோட அனுபவத்தை மாசம் ரெண்டு பேருன்னு பாட்காஸ்ட்டா பதிவு பண்றோம். 2011-ல சாயப்பட்டறையெல்லாம் மூடினப்ப நீங்க ஆர்டரை எப்படி ஓட்டுனீங்கன்னு உங்க வாயால கேக்கணுங்க. முக்கா மணி நேரம் போதும், நாங்களே ஆபீசுக்கு வந்துருவோம். பையர் பேரு, ரேட்டு எதுவும் கேக்க மாட்டோம். போடறதுக்கு முன்னாடி உங்களுக்குக் காட்டிருவோங்க. நாங்க மென்பொருள் விக்கறவங்கதான், அன்னைக்கு அதைப் பத்திப் பேச மாட்டோம்."

கடைசி வரியை விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். அவருடைய மகனோ மேனேஜரோ உங்கள் கம்பெனிப் பெயரைத் தேடிப் பார்ப்பது நிச்சயம். மறைத்தது தெரிந்தால் பதிவும் நடக்காது, ஊரில் பெயரும் கெடும். பையர் பெயரைக் கேட்க மாட்டோம் என்ற உறுதியும் முக்கியம். பல பிராண்டுகளோடு போட்ட ஒப்பந்தத்தில் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்றே இருக்கும்.

நாள் குறிப்பதில் சனிக்கிழமையைத் தவிருங்கள். வாரச் சம்பளம் போடும் நாள்; யாரும் நிதானமாகப் பேச மாட்டார்கள். கன்டெய்னர் கிளம்பும் வாரமும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் போனஸ் பேச்சிலேயே போய்விடும். அதற்கு நேர்மாறாக, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பும் வரையிலான அந்தச் சில நாட்கள் பொன்னானவை. மெஷின் ஓடாது, முதலாளி சும்மா ஆபீசில் உட்கார்ந்திருப்பார்.

முன்பேச்சு

பதிவுக்கு மூன்று நாள் முன்பு 15 நிமிடம் போனில் பேசுங்கள். கம்பெனிப் பெயரை எப்படி உச்சரிப்பது, எதைத் தொடக்கூடாது (சொத்துப் பிரிவினை, பழைய பார்ட்னர், நடக்கும் வழக்கு), எந்தக் காலகட்டத்தைப் பற்றிப் பேச அவருக்கே ஆசை என்ற மூன்றும் தெரிந்தால் போதும். கேள்வித்தாளை முழுதாக அனுப்பினால் மகனிடம் கொடுத்துப் பதில் எழுதி வாங்கி வைத்து, பதிவில் அதைப் படிப்பார். தலைப்பை மட்டும் நான்கு வரியில் அனுப்புங்கள்.

ஒலி

ஸ்டூடியோ வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னால் வருகை இரண்டு முறை தள்ளிப்போகும், மூன்றாம் முறை ரத்தாகும். அவர் இடத்துக்கே போங்கள். ஆனால் முதலாளி அறை பெரும்பாலும் கண்ணாடி, டைல்ஸ், கிரானைட் மேசை. குரல் எதிரொலித்துக் கிணற்றுக்குள் பேசுவதுபோல் பதிவாகும். அதே கட்டடத்தில் சாம்பிள் அறை இருக்கும். சுவர் முழுக்க ஹேங்கரில் தொங்கும் டி-ஷர்ட்டுகளும் துணி ரோல்களும் எதிரொலியை விழுங்கிவிடும். காசு கொடுத்து ஃபோம் ஒட்டினாலும் இந்த அளவு வராது. "சாம்பிள் ரூம்ல உக்காந்தா பின்னாடி உங்க கார்மென்ட்ஸ் தெரியுங்க" என்று சொன்னால் சந்தோஷமாக வருவார்.

மைக் டைனமிக் வகையாக (அருகில் பேசும் குரலை மட்டும் முக்கியமாகப் பிடிப்பது) இருக்கட்டும். சாம்சன் கியூ2யூ போன்ற மைக் இரண்டு போதும். கண்டென்சர் மைக் பக்கத்து ஹாலில் ஓடும் கம்ப்ரசரையும் சேர்த்துப் பிடித்துவிடும். வாயிலிருந்து நான்கு விரல் முதல் ஒரு சாண் வரை தூரம், நேர் எதிரே வைக்காமல் சற்றுச் சாய்த்து. அளவுமானியில் உரத்த சிரிப்பு மைனஸ் 6 டெசிபலைத் தொடக்கூடாது. சாதாரணப் பேச்சு மைனஸ் 12 அருகே நின்றால் சரி. 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதிவு செய்து, மேசை மேல் ஒரு செல்போனையும் ஏரோப்ளேன் மோடில் போட்டுத் தனியாகப் பதிவு ஓட விடுங்கள். லேப்டாப் முழு சார்ஜில் இருக்கட்டும், கரண்ட் போகும். ஏ.சியையும் மின்விசிறியையும் பதிவு நேரத்தில் நிறுத்திவிடுங்கள்; புழுங்கினால் 20 நிமிடத்துக்கு ஒரு இடைவேளை விடுங்கள்.

வீடியோவும் எடுப்பதானால் இரண்டு செல்போன் போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் பூட்டாவிட்டால் டியூப் லைட் வெளிச்சம் படத்தில் துடிக்கும். வெளிநாட்டில் இருக்கும் பையிங் ஹவுஸ்காரர் என்றால் ரிவர்சைடு போன்ற தளத்தில் எடுங்கள். அது இரு பக்கக் குரலையும் அவரவர் கணினியிலேயே பதிவு செய்வதால் நெட் திணறினாலும் கோப்பு கெடாது. இரு பக்கமும் ஹெட்போன் கட்டாயம்.

கேள்விகள்

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால் பிறந்த ஊரிலிருந்து பத்து நிமிடம் போகும். ஒரு சம்பவத்தில் நுழையுங்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது துணியை எங்கே அனுப்பிச் சாயம் போட்டார்? 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது தைத்து முடித்த சரக்கை என்ன செய்தார், தள்ளுபடி கேட்ட பையரிடம் என்ன சொன்னார்? இப்படிக் கேட்டால் மனிதர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு பதிவில் ஒரே ஒரு கேள்வி உங்கள் தொழிலைத் தொடலாம். நல்ல வடிவம் இது: "இன்னைக்கும் நோட்டுல எழுதித்தான் ஓட்டணும்னு இருக்கற வேலை எதுங்க?" பெரும்பாலும் ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) கணக்கு வரும். துணி பின்னும் நிட்டிங்கில் இருந்து சாயம் போடும் டையிங்குக்கு 1,000 கிலோ துணி போகிறது, திரும்பி வருவது 1,000 இல்லை. ப்ராசஸ் லாஸ் (வேலையில் குறையும் எடை) எவ்வளவு, குறைந்தது யார் பக்கம் என்ற தகராறு. அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். "அதுக்குத்தான் எங்க மென்பொருள்ல" என்று அந்த நொடியில் ஆரம்பித்தால் அவர் முகம் மாறுவதைக் கேமராவே காட்டும். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பதிவை 40 நிமிடத்தில் நிறுத்துங்கள். நிறுத்தியதும் ஒயர் சுருட்ட எழுந்துவிடக் கூடாது. மைக் அணைந்த பிறகு வரும் அடுத்த 20 நிமிடம்தான் உண்மையான பேச்சு: எந்தச் சாஃப்ட்வேர் வாங்கி ஏமாந்தார், வீட்டில் யார் கையில் செலவு முடிவு, அடுத்த யூனிட் எப்போது. அதில் ஒரு சொல்கூட நிகழ்ச்சியில் வரக்கூடாது, வேறு யாரிடமும் போகக்கூடாது. கிளம்பும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: "அடுத்து யாரைக் கூப்பிடலாங்க சார்? உங்க பேரைச் சொல்லலாங்களா?" இரண்டு பெயராவது தருவார். உங்கள் 40 பெயர் பட்டியல் காலியாகாமல் இருப்பது இந்தக் கேள்வியால்தான்.

வெளியிடுதல்

நான்கு நாளுக்குள் எடிட் செய்த ஒலியைத் தனி இணைப்பாக அவருக்கு அனுப்புங்கள். எதை நீக்கச் சொன்னாலும் வாதாடாமல் நீக்குங்கள், அதுவே சிறந்த பகுதியாக இருந்தாலும். ஒலி அளவு ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ் (காதில் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு), மோனோவுக்கு மைனஸ் 19. இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளான அடாசிட்டியில் இதற்கு ஒரே கட்டளை இருக்கிறது. அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். இரண்டு வாரத்துக்குள் வெளிவரட்டும். இரண்டு மாதம் கழித்து வந்தால் அவருக்கே ஆர்வம் போயிருக்கும்.

வெளியீட்டு நாளில் அவர் கைக்கு மூன்று துண்டு வீடியோ போக வேண்டும். ஒவ்வொன்றும் 30 முதல் 45 நொடி, நெட்டுவாக்கில், வாட்ஸாப் ஸ்டேட்டஸில் அப்படியே வைக்கும்படி. திரையில் பெரிதாக அவர் பெயரும் அவர் கம்பெனிப் பெயரும். உங்கள் சின்னம் ஓரத்தில் சின்னதாக. தானியங்கி வசன வரியை நம்பாதீர்கள். "காம்பாக்டிங்", "ரிப்" போன்ற சொற்களையும் ஆள் பெயர்களையும் அது கண்டபடி எழுதும், கையால் திருத்துங்கள். வாட்ஸாப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அவர் ஸ்டேட்டஸைப் பார்ப்பவர்கள் பிற முதலாளிகள், சப்ளையர்கள், சம்பந்திகள். உங்கள் சேனலைக் கேட்கும் முகம் தெரியாத கூட்டத்தைவிட உங்களுக்கு இவர்கள்தான் தேவை.

அதன் பிறகு

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஒன்று, மறுநாளே கொட்டேஷன் அனுப்பி எல்லாவற்றையும் கெடுப்பார்கள். இல்லையென்றால் கூச்சப்பட்டுக் கேட்காமலே விட்டுவிடுவார்கள். ஒரு எக்ஸெல் தாள் போதும்: பெயர், கம்பெனி, பவர் டேபிள் எண்ணிக்கை, யார் அறிமுகம், தொடக்கூடாத விஷயம், சொன்ன தொல்லை, அடுத்து என்ன, எந்தத் தேதி. கடைசி இரண்டு கட்டம் காலியாக எந்த வரியும் இருக்கக்கூடாது. அவர்கள் எண்ணை மொத்தமாக விளம்பரப் பட்டியலில் கொட்டாதீர்கள். எரிச்சல் ஒருபுறம், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் கேட்கிறது.

வெளியான ஒரு வாரத்தில், கேட்டவர்கள் சொன்னதை நாலு வரியில் அனுப்புங்கள். இரண்டாவது வாரம் அவருக்குப் பயன்படும் ஒரு அறிமுகம் செய்து வையுங்கள்: நல்ல பிரிண்டிங் யூனிட் தேடுபவரையும், நிகழ்ச்சிக்கு வந்த பிரிண்டிங்காரரையும். இதில் உங்களுக்கு ஒரு பைசா கமிஷன் வேண்டாம். மூன்று நான்கு வாரம் ஆன பிறகு, தொல்லை ஒன்றைச் சொன்னவரிடம் மட்டும்:

"சார், டையிங்ல இருந்து திரும்பி வர்ற வெயிட் கணக்கு இன்னும் நோட்டுல ஓடுதுன்னு சொன்னீங்க. அதுக்கு எங்ககிட்ட ஒரு வழி இருக்குங்க. உங்க புரொடக்‌ஷன் மேனேஜர்கிட்ட இருபது நிமிஷம் காட்டலாங்களா? வேண்டாம்னா தாராளமா சொல்லுங்க, மறுபடி கேக்க மாட்டேன்."

மேனேஜரைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. முதலாளி சரி என்ற பிறகும், தினம் எண்ணைத் தட்டப்போகும் மெர்ச்சண்டைசரும் (ஆர்டரைத் தொடர்ந்து கவனிப்பவர்) அக்கவுன்டன்ட்டும் ஒத்துக்கொள்ளாமல் நின்றுபோன மென்பொருள் இந்த ஊரில் ஏராளம். அவர்களையும் தனி அத்தியாயத்துக்குக் கூப்பிடலாம். யாரும் கூப்பிடாதவர்கள் என்பதால் நன்றாகவே பேசுவார்கள்.

பதில் இல்லையென்றால் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை, அத்தோடு விடுங்கள். வியாபாரப் பேச்சை விட்டாலும் பொங்கல் வாழ்த்தையும் புது அத்தியாயத் தகவலையும் நிறுத்த வேண்டாம்.

எண்ணிப் பார்க்க வேண்டியவை நான்கு: எத்தனை பேர் வந்தார்கள், அதில் எத்தனை பேருடன் இரண்டாவது சந்திப்பு, எத்தனை கொட்டேஷன், எத்தனை ஆர்டர். விருந்தினர் தந்த பெயர் மூலம் வந்த ஆர்டரை அந்த விருந்தினர் கணக்கிலேயே எழுதுங்கள். ஒரு அத்தியாயத்துக்குப் போக்குவரத்து, எடிட்டிங், துண்டு வீடியோ எல்லாம் சேர்த்து எட்டு முதல் பத்து மணி நேரம் பிடிக்கும் என்பதால் மாதம் இரண்டுக்கு மேல் போக வேண்டாம். 12 அத்தியாயம் முடிந்தும் இரண்டாவது சந்திப்பு மூன்றுகூட நடக்கவில்லை என்றால் மைக்கை மாற்றிப் பயனில்லை. பட்டியலை எடுத்துப் பாருங்கள்: வாங்கக்கூடிய 20 பேரைக் கூப்பிடத் தயங்கி, எளிதாகக் கிடைத்த மூத்தவர்களையும் நண்பர்களையுமே திரும்பத் திரும்ப உட்கார வைத்திருப்பீர்கள்.