விடுமுறை ஓட்டமும் முழங்கால் வலியும்

கடற்கரையில் விடுமுறை. தினமும் காலை ஆறு மணி ஓட்டத்தை விடக்கூடாது என்று இருந்தேன். முதல் நாள் அருமை. போகப்போக வலது முழங்காலின் வெளிப்பக்கம் குத்த ஆரம்பித்தது. இடது கால் நன்றாகவே இருந்தது.

ஷூவை மாற்றினேன். ஸ்ட்ரெச்சிங் செய்தேன். ஓய்வும் எடுத்தேன். மறுபடி ஓடினால் அதே வலி.

அப்புறம்தான் காலடித் தடங்களைக் கவனித்தேன். முதல் நாள் ஓடியது தட்டையான, இறுகிய ஈரமணல். இப்போது அந்த இடத்தில் தண்ணீர்! மேலே இருந்த சரிவில் ஓடிக்கொண்டிருந்தேன். திரும்பி வருவது சாலை வழியாக என்பதால் கடல் எப்போதும் வலப்பக்கம். வலது கால் எப்போதும் பள்ளத்தில்.

பெரும்பாலான கடற்கரைகளில் கடல் வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரே வாரத்தில் ஆறு மணி நிலவரம் தலைகீழ். கடிகாரத்தை விட்டுவிட்டு, கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை பார்த்து நீர் வற்றும் நேரத்தில் ஓடினேன். அது நடுவெயிலில் வந்தால் சாலைதான். போன வழியே மணலில் திரும்பினேன். வலி வரவில்லை, அப்பாடா.