‘ஜாம் அண்ட் ஜெருசலேம்’ தொடரை எப்படிப் பார்ப்பது?

பிபிசி தொலைக்காட்சியில் 2006 முதல் 2009 வரை மூன்று சீசன்களாக வந்த ‘ஜாம் அண்ட் ஜெருசலேம்’ நகைச்சுவைத் தொடரை முதன்முறை பார்த்தபோது நான் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். குறை தொடரில் இல்லை. ‘அப்சல்யூட்லி ஃபேபுலஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரை எழுதிய ஜெனிஃபர் சாண்டர்ஸின் தொடர் என்றதும், அதே அடாவடியான சிரிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் முறை அந்த எதிர்பார்ப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் தொடர் பிடிபட்டது. இதைப் பார்க்கத் தொடங்குபவர் முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். இங்கே வில்லன் கிடையாது, திடீர்த் திருப்பங்கள் கிடையாது. இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட கிளாட்டர்ஃபோர்டு செயின்ட் மேரி என்ற சிற்றூரும், அவ்வூர்ப் பெண்கள் கூடும் ஒரு சங்கமும் மட்டுமே உண்டு. படப்பிடிப்பு பெரும்பாலும் அதே டெவனில் நார்த் டாட்டன் என்ற சிறு நகரில் நடந்தது.

எந்தக் காரணம் கொண்டும் நடுவிலிருந்து தொடங்காதீர்கள். முதல் எபிசோடில் ஊர் மருத்துவர் இறந்துபோகிறார். அவருடைய கிளினிக்கிலேயே நர்சாக இருந்த மனைவி சால், கணவரை இழந்த கையோடு, மகன் ஜேம்ஸ் கிளினிக்கின் பொறுப்பை ஏற்றதும் வேலையையும் இழக்கிறார். இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று அதுவரை ஒதுங்கியிருந்த மாதர் சங்கத்துக்குள் அவர் நுழைய நேர்வது அதனால்தான். இந்தத் தொடக்கத்தைத் தவறவிட்டவருக்குப் பின்னால் வரும் கூட்டங்களும் தேநீர் விருந்துகளும் வெறும் ஊர் வம்பாகவே தெரியும். சாலாக நடிக்கும் சூ ஜான்ஸ்டன் சிரிக்க வைக்க முயல்வதே இல்லை. சுற்றிலும் மற்றவர்கள் பண்ணும் கூத்தை ஒரு துக்க வீட்டுப் பெண்ணின் முகத்தோடு அவர் பார்த்துக்கொண்டிருப்பதில்தான் நகைச்சுவை பிறக்கிறது.

பாத்திரங்கள் அதிகம் என்பதால் முதல் இரண்டு எபிசோடுகளில் பெயர்கள் குழம்பும். மூன்று பேரைப் பிடித்துக்கொண்டால் போதும். சங்கத் தலைவி ஐலீன், எதையும் முறைப்படி நடத்தியே தீர வேண்டும் என்பவர். கேட், கணவனை இழந்த துயரிலிருந்து மீளாமல் கண்ணீரோடு வலம்வருபவர். அவரை சாலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே இழப்பை இரண்டு பெண்கள் எவ்வளவு வேறாகச் சுமக்கிறார்கள் என்பது தெரியும். மூன்றாமவர் டான் ஃப்ரெஞ்ச் நடிக்கும் ரோஸி. அவருக்குள் மார்கரெட் என்ற முரட்டுப் பெண்ணொருத்தியும் குடியிருக்கிறாள். அவள் எப்போது வெளியே வருவாள் என்று ஊரே அறிந்து அனுசரித்துப் போகிறது. ரோஸியை வைத்துச் செய்யும் வேடிக்கை சில இடங்களில் எனக்கு உறுத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஊர் அவரை ஒதுக்கி வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே கவனியுங்கள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் மூதாட்டி டெலிலா, ஒப்பனையால் அடையாளமே தெரியாமல் மாறிப்போன ‘அப்சல்யூட்லி ஃபேபுலஸ்’ நடிகை ஜோவானா லம்லி என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பார்ப்பதில் தவறில்லை.

வசனங்களில் பாதி வாய்க்குள்ளேயே முணுமுணுக்கப்படுவதாலும், டெவன் வட்டார உச்சரிப்பு நம் காதுக்குப் புதிது என்பதாலும், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் சப்டைட்டிலை இயக்கிக்கொள்வது நல்லது. தொடக்கப் பாடலைத் தாண்டி ஓட்டிவிட வேண்டாம். கிங்க்ஸ் குழு 1968இல் வெளியிட்ட பாடலை நாட்டுப்புறப் பாடகி கேட் ரஸ்பி நிதானமான குரலில் பாடியிருக்கிறார். தொடரின் வேகம் என்ன என்பதை அந்தக் குரலே சொல்லிவிடுகிறது.

இனித் தலைப்பு. இதன் பின்னணி தெரியாமலும் தொடரைப் பார்க்கலாம், ஆனால் பாதிச் சுவை போய்விடும். தொடரில் வரும் சங்கம் கற்பனை. அதற்கு முன்மாதிரி, ‘விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்’ என்ற உண்மையான மாதர் அமைப்பு. 1897இல் கனடாவின் ஸ்டோனி கிரீக்கில், கைக்குழந்தை மகனைப் பறிகொடுத்த அடிலெய்ட் ஹூட்லஸின் முயற்சியால் பிறந்த அந்த அமைப்பு, 1915இல் வேல்ஸின் லான்வைர்புல் கிராமத்தின் வழியாகப் பிரிட்டனுக்குள் நுழைந்தது. வில்லியம் பிளேக்கின் கவிதைக்கு ஹூபர்ட் பேரி 1916இல் மெட்டமைத்த ‘ஜெருசலேம்’ பாடலை உறுப்பினர்கள் 1920களிலிருந்து பாடிவருகிறார்கள். ஜாம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் மிச்சம்: சர்க்கரை ரேஷனில் இருந்தபோது அரசு இவர்களுக்குத் தனியாகச் சர்க்கரை ஒதுக்க, 1940க்கும் 1945க்கும் இடையில் 5,300 டன்னுக்கும் மேற்பட்ட பழங்களை இவர்கள் வீணாகாமல் பதப்படுத்தினார்கள். ஜாமும் ஜெருசலேமும் சேர்ந்து கேலிப் பெயராயிற்று. இப்படிக் கேலி செய்யப்பட்டவர்கள்தான், 2000ஆம் ஆண்டு ஜூனில் வெம்பிளியில் அரசியல் பேசத் தொடங்கிய பிரதமர் டோனி பிளேரை, அதிருப்தியைக் காட்டும் மெதுவான கைத்தட்டலால் திணறடித்தவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு ஐலீனைப் பாருங்கள்.

அந்தப் பெண்களின் கண்டிப்புக்கு ஒரு கேக்கே போதுமான சான்று. இன்ஸ்டிட்யூட் போட்டிக்கு வரும் விக்டோரியா கேக்கின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ராஸ்பெரி ஜாம் மட்டுமே இருக்க வேண்டும், கிரீம் கூடாது. மேலே நொய்ச் சர்க்கரையைத்தான் தூவ வேண்டும். மாவு போன்ற ஐசிங் சர்க்கரை ஆகாது. ஆற வைத்த கம்பித் தட்டின் தடம் மேற்பரப்பில் பதிந்திருந்தால் அதுவும் குறைதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, தொடரில் வரும் சங்கக் கூட்டங்களில் அற்ப விஷயம் என்று எதையும் ஒதுக்கத் தோன்றாது. அக்காட்சிகளில் பேசுபவரை விட்டுவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைப் பாருங்கள். சிரிப்பு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

இரவுக்கு ஓர் எபிசோடு போதும். அடுத்தடுத்துப் பார்த்தால் அலுப்புத் தட்டும். நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான்கைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் பக்கமே போகவில்லை. அமெரிக்காவில் இது ‘கிளாட்டர்ஃபோர்டு’ என்ற பெயரில் வந்ததால், தேடும்போது இரண்டு பெயர்களையும் போட்டுப் பாருங்கள்.