எந்தச் சித்தூர், எந்த ஆல்பம்?

கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் நின்று "சித்தூருக்குப் போறேன்" என்றால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். அதையே திருத்தணியில் சொன்னால் அது ஆந்திரச் சித்தூர். ஆல்பம் பெயரும் இப்படித்தான். "இப்போ ரோஜா ஓடிட்டிருக்கு" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பாலக்காட்டுக்காரர் தமிழைத் தேடுவார், ஆந்திர நகரிக்காரர் தெலுங்கைத் தேடுவார். 1992-இல் வந்த அந்தப் படத்தின் 'புது வெள்ளை மழை'யைத் தமிழில் பாடியவர் உன்னி மேனன். அதே மெட்டைத் தெலுங்கில் பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். "அந்த ஆண் குரல் இருக்கே!" என்று இருவரும் அரைமணி நேரம் சிலாகிப்பார்கள், வேறு வேறு ஆளைப் பற்றி.

ஆகவே குழுவில் ஒரு ஆல்பத்தைப் பரிந்துரைத்து எழுதும்போது முதல் வரியிலேயே ஆல்பம் பெயர், மொழி, இசையமைப்பாளர், ஆண்டு நான்கும் வரட்டும். ஆங்கில எழுத்தில் தேடும்போது 'ழ'வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். பெயரை நினைவிலிருந்து தட்டாமல், கேட்கிற செயலியிலிருந்தே சுட்டியை எடுத்து அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்பீக்கர் முன்னால் போனை நீட்டிப் பதிந்த வாய்ஸ் நோட்டை மட்டும் அனுப்பாதீர்கள். பேச்சுக்காகச் சுருக்கப்படும் ஒலியில் தம்புராவும் ஜால்ராவும் கரைந்துபோகும்.

அடுத்த வரி, எந்தப் பதிப்பு என்பது. பழைய படக் கேசட் பலவற்றில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். செயலியில் அதே கேசட்டைத் தேடினால் கிடைக்காது. படத்துக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கும். 'ரீமாஸ்டர்' என்று போட்டிருப்பவற்றில் சிலதில் எதிரொலி ஏற்றியிருப்பார்கள். இசைத்தட்டில் கேட்டவருக்கு அது வேறு பாட்டு. எதில் கேட்டீர்களோ அதைச் சொல்லிவிடுங்கள்.

கச்சேரிப் பதிவு என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரே கிருதியை ஒரே வித்வான் பல மேடைகளில் பாடியிருப்பார். ராகம், தாளத்தோடு வயலின் யார், மிருதங்கம் யார் என்பதையும் எழுதினால்தான் எந்தக் கச்சேரி என்று பிடிக்க முடியும். வெறுமனே "செம்பை பாடினது" (செம்பை வைத்தியநாத பாகவதர்) என்பது விலாசத்தில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதுவது மாதிரி.

வீட்டுக் கேசட்டைக் கணினியில் ஏற்றிக் கேட்பவர்கள், அபிப்பிராயம் சொல்வதற்கு முன் சுருதியைப் பாருங்கள். ட்யூனர் செயலியில் தம்புராவைக் காட்டினால் கட்டை (பாடகரின் ஆதார சுருதி அளவு) தெரியும். அதே பாடகரின் அதே காலத்து வேறு பதிவு ஒன்றரைக் கட்டை, உங்கள் கேசட் இரண்டு என்றால் டேப் சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது. இதுதான் "என்ன பிருகா (வேகமான சுர அசைவு), என்ன வேகம்!" என்று தப்பாகப் புகழ வைக்கும். ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் சுருதியை மட்டும் இறக்கும் வசதியைத் தொடாதீர்கள். பாட்டின் வேகம் அப்படியே நிற்கும். வேகமும் சுருதியும் சேர்ந்து இறங்கும் வசதியைத் தேர்ந்து, 6 அல்ல, 5.66 சதவீதம் குறையுங்கள் (1.06-ஆல் வகுத்தால் வருவது அதுதான்). சுருதி நிலையாக இல்லாமல் அலைந்தால் பிளேயரின் பெல்ட் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்குக் கணக்கு உதவாது, பெல்ட்டை மாற்ற வேண்டும்.

மூன்றாவது வரிதான் ஆளைக் கேட்க வைப்பது. "மொத்த ஆல்பமும் சூப்பர்" என்றால் யாரும் திறக்கமாட்டார்கள். ஒரு பாட்டு, அதில் ஒரு இடம், நிமிடம் விநாடியோடு. வரிசை முக்கியமென்றால் அதையும் சொல்லுங்கள். மாதிரிக்கு:

"ஹவ் டு நேம் இட், இளையராஜா, 1986. வாத்திய இசை, வயலின் வி.எஸ். நரசிம்மன். ஷஃபிள் வேண்டாம், 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' முடிந்ததும் 'அண்ட் வி ஹேட் எ டாக்' வரணும்."

முதல் தலைப்பு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கை (Bach) வீட்டில் சந்தித்ததைச் சொல்கிறது, அடுத்தது இருவரும் பேசியதை. கலைத்துப் போட்டால் பேச்சு முந்திவிடும், சந்திப்பு பிந்திவிடும். கிராஸ்ஃபேடையும் நிறுத்திவிடச் சொல்லுங்கள்; ஒன்றின் வால் மீது அடுத்ததன் தலை ஏறும்.

நெல்லியாம்பதி, வால்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு சிக்னல் நடுவில் அறுந்துபோகும். 45 நிமிட ஆல்பம் 160 கேபிபிஎஸ் ஒலித் தரத்தில் சுமார் 54 எம்பி, 320-இல் 108 எம்பி. மலை ஏறும் முன்பே கீழே பதிவிறக்கிக்கொள்ளலாம். விற்பனையில் இருக்கும் ஆல்பத்தைக் கோப்பாக அனுப்பாதீர்கள், சுட்டி போதும்.

ஒருவர் வாரத்துக்கு ஒரு ஆல்பத்துக்கு மேல் போட்டால் மற்றவர்களால் ஈடுகொடுக்க முடியாது. பதில் எழுதுபவரும் கைதட்டும் பொம்மையோடு நிறுத்தாமல், தன் காதில் விழுந்த ஒரு இடத்தை நிமிடம் விநாடியோடு எழுதட்டும்.