சூரிய ஆற்றல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கட்டங்களும் கோடுகளும்

சூரிய மின்சாரத்தில் இயங்கும் மீன் குளிர்பெட்டி ஒன்றின் வரைபடத்தைப் புதுச்சேரி மாணவர்கள் சிலர் அண்மையில் என்னிடம் காட்டினார்கள். பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர், கம்ப்ரசர் என நான்கு கட்டங்களும் எண்களால் நிறைந்திருந்தன. அவற்றை இணைத்த மூன்று கோடுகளின் மீது ஓர் எழுத்துகூட இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் கடலூரில் நானும் இதே படத்தைத்தான் வரைந்தேன். ஒயரின் பருமன், எர்த் இணைப்பு போன்றவற்றை எந்த எலெக்ட்ரீஷியனும் சொல்லித் தருவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோட்டுக்குப் பொறுப்பாளர் இல்லாமை

பல பகுதிகளைச் சேர்த்து ஒன்றாக இயங்கவைக்கும் அமைப்புப் பொறியியலில், இரண்டு கட்டங்களை இணைக்கும் அந்தக் கோட்டுக்கு இடைமுகம் என்று பெயர். கடலூரில் எங்கள் பேனல் குழு நாளொன்றுக்கு 5 யூனிட் தருவதாக எழுதியது. குளிர்பெட்டிக் குழு 5 யூனிட் போதும் என்றது. கணக்கு பொருந்திவிட்டது என்று பத்து நிமிடங்களில் கூட்டத்தை முடித்துவிட்டோம். எந்த நேரத்தில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஃபைபர் படகுகள் விடிவதற்கு முன்பே கரை சேரும். மீனைப் பெட்டியில் நிரப்பும் அந்த நேரத்தில்தான் குளிரூட்டும் சுமை உச்சத்தில் இருக்கும், இரவெல்லாம் கொடுத்துக் களைத்த பேட்டரியோ அடிமட்டத்தில் இருக்கும். கம்ப்ரசர் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமாக ஓடும்போது இழுக்கும் மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்க, மின்னழுத்தம் சரிந்து, இன்வெர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. வெயில் ஏறிய பிறகு நாங்கள் போய்ப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடியது. கம்ப்ரசரை மாற்றினோம், பிறகு இன்வெர்ட்டரையும் மாற்றினோம். இரண்டு மாதங்களும் கையிருப்புப் பணமும் கரைந்தன. கடைசியில் மீன் விற்கும் ஓர் அக்காதான், "நீங்க வர்ற நேரத்துல அது நல்லாத்தான் ஓடுது தம்பி, விடியறதுக்கு முன்ன வந்து பாருங்க" என்றார்.

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது பண நட்டம் அன்று. ஒவ்வொரு குழுவும் தன் சோதனைத் தாளை நீட்டி, "எங்கள் பகுதி சரியாக இருக்கிறது" என்றது. அது உண்மையாகவும் இருந்தது.

ஆகவே ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தாள் எழுதுங்கள்: எது கடக்கிறது, எந்த மணிக்கு எவ்வளவு, உச்சம் எத்தனை நொடி நீடிக்கும், மின்னழுத்தம் எதுவரை இறங்கலாம். இரு பக்கத்தாரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் எண்ணை மாற்றக் கூடாது. அந்தத் தாளை எழுதிய பிறகுதான், மின்சாரத்தைச் சேமிப்பதற்குப் பதிலாக நண்பகலில் பனிக்கட்டியை உறையவைத்துக் குளிரையே சேமிக்கலாம் என்பது எங்களுக்குத் தோன்றியது. விடியற்காலையில் கம்ப்ரசரைக் கிளப்பும் தேவையே போயிற்று, பேட்டரியும் சிறியதாயிற்று.

பேனலில் அச்சிட்ட வாட்டை நம்புதல்

அந்த எண், பேனலில் உள்ள சிலிக்கான் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மே மாதக் கடலூரில் செல் 60 டிகிரியைத் தொடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் சுமார் 0.4 சதவீதம் குறையும் என்று வைத்தால் 14 சதவீதம் காணாமல் போகும்.

உப்புக்காற்றையும் புயலையும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். ஆகவே இவற்றை முதல் வரைபடத்திலேயே கணக்கில் எடுங்கள்.

சோதிக்க முடியாத தேவையை எழுதுதல்

"மீன் நன்றாகக் குளிர வேண்டும்" என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. "30 டிகிரியில் வைக்கும் 50 கிலோ மீன் 4 மணி நேரத்தில் 4 டிகிரிக்கு இறங்க வேண்டும்" என்று எழுதுங்கள். அதைச் சோதிக்கும் முறையையும் அன்றே பக்கத்தில் எழுதி, சோதனையை விடியற்காலை நான்கு மணிக்கு வையுங்கள்.