கிடங்கு சர்வர் பதில் தராவிட்டால்: வேர்ட்பிரஸ் செருகுநிரலில் தொலை அழைப்புகள்

பதிப்பகங்களின் வேர்ட்பிரஸ் இணையதளங்களுக்குச் செருகுநிரல் (பிளகின்) எழுதித் தருவது என் தொழில். புத்தகத்தின் பக்கத்தில் ‘இருப்பு உள்ளது’ என்று ஒரு வரி தெரிவதற்கு, வேறோர் ஊரில் இருக்கும் கிடங்கின் சர்வரை அந்தச் செருகுநிரல் கேட்டு வர வேண்டும். சாதாரண நாட்களில் யார் எழுதினாலும் அது ஓடும். சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி ஜனவரியில் ஆர்டர்கள் குவிந்து கிடங்கின் சர்வர் திணறும்போதுதான் எழுதியவரின் அக்கறை வெளியே தெரியும். ஆகவே அழைப்பை அனுப்புவதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அது தோற்கும் விதங்களுக்கே அதிக இடம் தருகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது ஜேசான்-ஆர்பிசி 2.0. வேறொரு சர்வரில் உள்ள ஃபங்ஷனை (இங்கே அதன் பெயர் மெத்தட்) ஜேசான் என்ற எழுத்து வடிவத் தரவை அனுப்பி அழைப்பதற்கான நெறி அது. நாம் அனுப்பும் பொருளில் நான்கு உறுப்புகள்: பதிப்பு எண், அழைக்கும் மெத்தடின் பெயர், அதற்கான மதிப்புகள், ஓர் ஐடி. பதிலில் ‘ரிசல்ட்’ அல்லது ‘எரர்’, இரண்டில் ஒன்றுதான் வரும். வேர்ட்பிரஸில் இதை அனுப்ப ‘டபிள்யூபி_ரிமோட்_போஸ்ட்’ போதும். அதற்கு அடியில் இணைய அழைப்புகளைச் செய்யும் நூலகமான கர்லின் ஃபங்ஷன்களை நேரடியாகத் தொட வேண்டாம். உடல் பகுதியை ‘டபிள்யூபி_ஜேசான்_என்கோட்’ வழியாகச் சரமாக்கிக் கொடுங்கள். பிஎச்பியின் அரேயாகவே (மதிப்புகளின் தொகுப்பாகவே) கொடுத்தால் வேர்ட்பிரஸ் அதைப் படிவத் தரவாக மாற்றி அனுப்பிவிடும். எதிர்ச் சர்வருக்கு ஒன்றும் புரியாது. கன்டென்ட்-டைப் தலைப்பில் ஜேசான் என்று குறிப்பிடவும் மறக்காதீர்கள்.

பதில் வந்ததும் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். ஒன்றில் தேறியது அடுத்ததிலும் தேறும் என்று நம்பாதீர்கள்.

முதலாவது, அழைப்பு போய்ச் சேர்ந்ததா? ‘இஸ்_டபிள்யூபி_எரர்’ இதைச் சொல்லும். பெயர் கண்டறிய முடியாதது, இணைப்பு கிடைக்காதது, நேரம் கடந்தது என எல்லாவற்றுக்கும் பிழைக்குறி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வேறுபாடு பிழைச் செய்தியில்தான் தெரியும். அதில் கர்ல் எண் 6 என்றால் சர்வரின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை, 7 என்றால் இணைக்க முடியவில்லை, 28 என்றால் காலக்கெடு தாண்டிவிட்டது. 60 என்றால் சான்றிதழ்ச் சிக்கல். அப்போது சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிடும்படி பலர் அறிவுரை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்; வாங்குபவரின் முகவரியும் கைபேசி எண்ணும் அந்த வழியாகத்தான் போகின்றன.

இரண்டாவது, எச்டிடிபி நிலை எண் என்ன? 404, 500 போன்றவை வேர்ட்பிரஸின் கணக்கில் பிழையே அல்ல. பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான். எண்ணைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். 429 அல்லது 503 வந்தால் ‘ரிட்ரை-ஆஃப்டர்’ தலைப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அது சொல்லும் நேரத்தை மதியுங்கள்.

மூன்றாவது, வந்தது ஜேசான்தானா? நிலை எண் 200 ஆக இருந்தும், நடுவில் உள்ள பாதுகாப்புச் சுவர் ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை அனுப்பியிருக்கலாம்.

நான்காவதுதான் நுட்பமானது: அந்த ஜேசான் என்ன சொல்கிறது? ஜேசான்-ஆர்பிசியில் 200 என்ற நிலையோடே ‘எரர்’ வரலாம். அதன் எண் -32601 என்றால் அப்படியொரு மெத்தட் இல்லை. -32602 என்றால் நாம் அனுப்பிய மதிப்புகள் தவறு. இவ்விரண்டையும் ஆயிரம் முறை அனுப்பினாலும் அதே பதில்தான் வரும். மீண்டும் முயலாமல் பதிவேட்டில் எழுதுங்கள். -32603 சர்வரின் உள் பிழை. இருப்பைக் கேட்பது போன்ற அழைப்பு என்றால், சற்று இடைவெளி விட்டு இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம்.

‘ரிசல்ட்’ இருக்கிறதா என்பதை ‘இஸ்செட்’ கொண்டு சோதிக்காதீர்கள். மதிப்பு நல் (null, அதாவது மதிப்பின்மை) என்று வருவது முறையான பதில்தான். ‘இஸ்செட்’ அதை இல்லை என்று சொல்லிவிடும். ‘அரே_கீ_எக்ஸிஸ்ட்ஸ்’ பயன்படுத்துங்கள். அதேபோல் பூஜ்யம் என்ற பதிலும் பதில்தான். ரிசல்ட்டை வெறும் ‘இஃப்’பில் போட்டுச் சோதித்தால், தீர்ந்துபோன புத்தகமும் கெட்டுப்போன சர்வரும் செருகுநிரலுக்கு ஒன்றாகிவிடும்.

இனி காத்திருப்பு. வேர்ட்பிரஸின் இயல்பான காலக்கெடு 5 விநாடி. இருப்பைக் காட்டும் வரிக்காக வாசகரை 5 விநாடி நிறுத்திவைப்பதை நான் ஏற்கமாட்டேன். 2 விநாடி போதும். அதைவிட முக்கியம், தோல்வியையும் சேமித்துவைப்பது. பதிலைச் சில நிமிடங்கள் டிரான்சியன்டில் (வேர்ட்பிரஸின் தற்காலிகச் சேமிப்பில்) சேமிக்க எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். கிடங்கு சர்வர் படுத்துவிட்டால் சேமிக்கப் பதிலே இருக்காது. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரும் புதிதாக ஓர் அழைப்பைக் கிளப்பிக் காத்திருப்பார்கள். நம் சர்வரின் பிஎச்பி செயல்முறைகள் எண்ணிக்கையில் சில. அவை எல்லாம் காத்துக் கிடந்தால், கிடங்கோடு தொடர்பே இல்லாத பக்கங்கள்கூடத் திறக்காது. ஆகவே தோற்றவுடன் ‘இப்போது கேட்காதே’ என்ற குறிப்பை ஒரு நிமிடத்துக்குச் சேமியுங்கள். கடைசியாகக் கிடைத்த நல்ல பதிலை, கிடைத்த நேரத்தோடு, தனியே ஆப்ஷனில் (வேர்ட்பிரஸின் காலாவதியாகாத சேமிப்பில்) வைத்திருங்கள். தோல்வியின்போது அதைக் காட்டலாம். டிரான்சியன்ட் இல்லாதபோது ஃபால்ஸ் கிடைக்கும் என்பதால், வெறும் எண்ணாகச் சேமிக்காமல் அரேக்குள் வைத்துச் சேமித்தால் பூஜ்யக் குழப்பம் இங்கேயும் வராது.

இருப்பைக் கேட்பது வேறு, ஆர்டரைப் பதிவது வேறு. ஆர்டர் அழைப்பில் காலக்கெடு தாண்டியது என்றால், நமக்குப் பதில் வரவில்லை என்று மட்டுமே பொருள். கிடங்கில் ஆர்டர் பதிவாகி, சிப்பம் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கலாம். அப்படியே மறுபடி அனுப்பினால் ஒருவருக்கு இரண்டு சிப்பம் போகும். எனவே அழைப்புக்கு முன்பே ‘டபிள்யூபி_ஜெனரேட்_யுயுஐடி4’ மூலம் ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, ஆர்டரோடு தரவுத்தளத்தில் எழுதிவிடுங்கள். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண் போகட்டும். முன்பே வந்த எண் என்றால் கிடங்கு சர்வர் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். ஜேசான்-ஆர்பிசியின் ஐடி இந்த வேலைக்கானது அல்ல; எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று பொருத்த மட்டுமே அது உதவும். எதிர்த்தரப்பு இதற்கு இசையாவிட்டால், மறுபடி அனுப்புமுன் அந்த எண்ணில் ஆர்டர் இருக்கிறதா என்று கேட்கும் மெத்தட் ஒன்றையாவது கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மறுமுயற்சியை நான் எழுதித் தருவதில்லை. வாங்குபவரிடம் ‘ஆர்டர் தோல்வி’ என்று சொல்லாமல், ‘உங்கள் ஆர்டர் எங்களிடம் இருக்கிறது, உறுதிசெய்துகொண்டிருக்கிறோம்’ என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட.

சர்வர் அனுப்பும் பிழைச் செய்தியை அப்படியே திரையில் காட்டாதீர்கள். அது பதிவேட்டுக்கு உரியது: மெத்தட், ஐடி, பிழை எண், எடுத்த நேரம். கிடங்கு சர்வரை அணுகும் ரகசியச் சாவியும் வாங்குபவரின் முகவரியும் அதில் வேண்டாம். வேர்ட்பிரஸின் பிழைப் பதிவேடு இயல்பாக உள்ளடக்கக் கோப்புறைக்குள்ளேயே எழுதப்படும். சர்வரில் தடுக்காவிட்டால் வெளியாரும் படிக்கலாம். பாதையை இணையத்துக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

சோதிக்கும்போது கிடங்கு சர்வரை நிறுத்தச் சொல்லி யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ‘ப்ரீ_எச்டிடிபி_ரிக்வெஸ்ட்’ என்ற வடிப்பானில் (வேர்ட்பிரஸின் வேலைக்கு நடுவே நம் நிரலை நுழைக்கும் இடத்தில்) நமக்கு வேண்டிய போலிப் பதிலைத் திருப்பிவிட்டால், வேர்ட்பிரஸ் வெளியே போகாமலே அதை எடுத்துக்கொள்ளும். காலக்கெடு தாண்டிய பிழை, 503, எச்டிஎம்எல் பக்கம், -32602, நல், பூஜ்யம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் புத்தகப் பக்கமும் ஆர்டர் பக்கமும் எப்படித் தெரிகின்றன என்பதைப் பதிப்பகத்தாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். அந்த நேரத்தில் வாசகருக்குக் காட்டும் சொற்களை அவர்களே திருத்தித் தருவார்கள்.