சிறு சம்பளத்தில் சென்னைக்குக் குடும்பத்தை மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறும் மாசி, பங்குனி மாதங்களில் எனக்கு ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். நீடாமங்கலம், வலங்கைமான், பாபநாசம் பக்கத்துத் தம்பிகள் சென்னையில் 25,000 அல்லது 30,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு வேலையைப் பிடித்திருப்பார்கள். ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்குள் மனைவி மக்களை அழைத்துப் போய்விட வேண்டும் என்ற அவசரம் அவர்கள் குரலிலேயே தெரியும். தாம்பரம் பக்கம் குடியேறிய காலத்தில் எங்கள் தலைமுறை எங்கெங்கே தடுக்கி விழுந்ததோ, அதே இடங்களில் இவர்களும் விழுவதைப் பார்க்கும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரவுக்குள் செலவு செய்ய வேண்டும் என்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வாடகையை மட்டும் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுவது

வாடகை 10,000 என்று தரகர் சொன்னதும், சம்பளத்திலிருந்து அதைக் கழித்து, மீதி முழுவதும் குடும்பச் செலவுக்கு என்று எழுதிவிடுகிறார்கள். தரகருக்குத் தர வேண்டிய ஒரு மாத வாடகை, முன்பணம், சாமான் ஏற்றிவரும் வண்டிக் கூலி, புதிய பள்ளிச் சீருடை ஆகிய எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது சென்னையின் பழைய வழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ, இரு தரப்பினரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த விலக்கின் இடுக்கில்தான் பத்து மாத வழக்கம் இன்னும் பிழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் சட்டத்தைத் தெரிந்துகொண்டு பேசுகிறவரிடம் ஐந்து மாதத்துக்கு இறங்கி வரும் உரிமையாளர்கள் உண்டு. காலி செய்யும்போது வெள்ளையடிப்பதற்கென்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

மாதாமாதம் கசியும் செலவுகள் வேறு. வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், ஒரே இணைப்பிலிருந்து நாலு குடித்தனங்களுக்குத் துணை மீட்டர் வைத்திருக்கும் வீட்டில் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வந்து சேராது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் சொல்வதுதான் விலை. தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு 500 ரூபாய் கூடுதல் வாடகை கேட்டாலும் அதுவே பெரும்பாலும் மலிவாக முடியும். அடிபம்புத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் ஒரு செலவாகும் என்ற எண்ணமே எழுவதில்லை. நாலு பேர் உள்ள வீட்டில் சமையலுக்கும் குடிக்கவும் கேன் வாங்கத் தொடங்கிய பிறகுதான் தெரியவரும்.

வாடகைக்கு அஞ்சிப் போக்கியத்துக்கு வீடு பிடிப்பது

இந்தப் பேச்சை நான் எடுத்தால் எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போய்விடுவார்கள். அத்தனை முறை சொல்லியிருக்கிறேன். இருந்தும் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதில் மாட்டிக்கொள்கிறார் என்பதுதான் எரிச்சல்.

ஏற்பாடு எளிமையானது. சென்னையில் லீஸ் என்று சொல்லும் இதில், வீட்டு உரிமையாளரிடம் ஏழு, எட்டு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும் என்பது பேச்சு. மாதம் பிறந்தால் வாடகை என்ற பயத்திலேயே வாழும் சிறு சம்பளக்காரருக்கு இதைவிட இனிப்பான ஏற்பாடு இருக்க முடியாது. அதிலும் நம் பக்கத்து ஆட்களுக்கு இது பழகிய விஷயமாகத் தோன்றிவிடுகிறது. ஊரில் இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு வாங்கினால், பணம் திரும்பும் வரை நிலம் நம் காலடியில் இருக்கிறது, விளைச்சல் நம் களத்துக்கு வருகிறது, கொடுத்தவர் யார், அவர் அப்பா யார், அவருக்கு எங்கெங்கே கடன் இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். பல்லாவரத்தில் இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு படுக்கையறை வீட்டைப் பற்றி அப்படி எதுவுமே தெரியாது.

வலங்கைமான் பக்கத்து உறவுக்காரத் தம்பி ஒருவருக்கு மாதச் சம்பளம் 28,000. அவர் பார்த்த வீட்டுக்கு வாடகை என்றால் 11,000, போக்கியம் என்றால் எட்டு லட்சம். "அண்ணே, வாடகையே கிடையாது. மூணு வருசத்துக்குத் தலைவலி இல்ல" என்று உற்சாகமாகச் சொன்னார். பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். வீட்டு நகைகளைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து ஐந்து லட்சம், மீதி மூன்று லட்சம் ஊரில் ஒருவரிடம் இரண்டு வட்டிக்கு என்றார். அவரை உட்கார வைத்து, கையில் கிடைத்த பால் கணக்கு அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். நகைக் கடனுக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டு வட்டி 45,000, அதாவது மாதத்துக்கு 3,750. மூன்று லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 6,000. இரண்டும் சேர்ந்து 9,750. வாடகையோடு ஒப்பிட்டால் அவருக்கு மிச்சமாவது மாதம் 1,250 ரூபாய். நகைக் கடனுக்கு வட்டி மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை என்பதால் அந்த 3,750 அவர் கணக்கிலேயே வரவில்லை. மாதம் 5,000 மிச்சம் என்று நம்பிக்கொண்டிருந்தார். 1,250 ரூபாய் மிச்சத்துக்காக எட்டு லட்சத்தையும் வீட்டுப் பெண்களின் நகையையும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுப்பதா என்று கேட்டேன். அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பால் காய்ச்சிய செய்தி வந்தது.

ஓராண்டு கழித்து ஒரு நாள், இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தவர், வெளிக்கதவில் வங்கி முத்திரையுடன் ஒரு தாள் ஒட்டியிருப்பதையும், ஒட்டியவர் எதிரே நின்று அதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறார். வீட்டை அடமானம் வைத்து உரிமையாளர் வாங்கிய கடன் பல மாதங்களாகக் கட்டப்படாமல் கிடந்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, அடமானச் சொத்தை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலேயே வங்கி கைப்பற்றி ஏலம் விடலாம். முதலில் அனுப்பப்படும் 60 நாள் அறிவிப்பு கடன் வாங்கியவருக்குத்தான் போகும். குடியிருப்பவர் கண்ணில் முதலில் படுவது கதவில் ஒட்டப்படும் கைப்பற்றுதல் அறிவிப்புதான். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உரிமையாளர் தவணை தவணையாக இரண்டு லட்சம் கொடுத்ததோடு நின்றுவிட்டார். இந்தத் தம்பி இன்றைக்கு வேறொரு வீட்டில் வாடகையும் கொடுத்து, பழைய கடனுக்கு வட்டியும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வங்கிக் கடன் இல்லாத, நல்ல மனமுள்ள உரிமையாளராகவே இருக்கட்டும். அவர் வாங்கிய எட்டு லட்சத்தை அன்றைக்கே வேறு எதிலோ போட்டிருப்பார். அடுத்த போக்கியக்காரர் பணத்தோடு வந்தால்தான் உங்களுக்குப் பணம் திரும்பும். அவர் வரும் வரை உங்கள் வட்டி நிற்காது. இன்னொரு வகை மோசடியும் நடக்கிறது. இடையில் ஒருவர் உரிமையாளரிடம் வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் போக்கியத் தொகையை வாங்கிக்கொண்டு, சில மாதங்கள் ஒழுங்காக வாடகை செலுத்திவிட்டுக் காணாமல் போய்விடுவார். உரிமையாளர் வந்து கதவைத் தட்டும்போது, அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் யாரென்று அவருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு போக்கியத்துக்குத்தான் போவேன் என்பவர்கள் இரண்டு காரியங்களை மட்டுமாவது செய்ய வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கிய பதிவு அதில் இருந்தால் அந்த வீட்டை அப்போதே மறந்துவிட வேண்டும். வில்லங்கம் இல்லையென்றால், முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாமல், போக்கியப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யக் கேட்க வேண்டும். பெரும்பாலான உரிமையாளர்கள் மறுத்துவிடுவார்கள். மறுக்கிறவரிடம் எட்டு லட்சத்தைக் கொடுக்கக் கூடாது.

கோடையில் வீடு பார்த்துக் கோடையிலேயே முடிவு செய்வது

பள்ளி விடுமுறையில் வீடு மாற்றுவதால், எல்லோரும் சித்திரை வெயிலில்தான் வீடு பார்க்கிறார்கள். எந்த ஆறு உடைத்தால் எந்த வாய்க்காலில் வடியும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய வெண்ணாற்றுக் கரைக்காரர்கள், சென்னையில் கீழ்த்தளத்துக்கு 2,000 ரூபாய் வாடகை குறைவு என்றதும் தெருவின் மட்டத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகள் 2015 டிசம்பரில் எப்படி மூழ்கின என்பதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்சென்னைத் தாழ்வுப் பகுதிகளில் தண்ணீர் எப்படி நின்றது என்பதும் ஊரறிந்தவை. தரகரிடம் கேட்டால் இந்தத் தெருவில் சொட்டுத் தண்ணீர் நிற்காது என்பார். தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வண்டியை எங்கே தள்ளிக்கொண்டு போய் நிறுத்துகிறார் என்று சொல்லிவிடுவார்.

வயலை விற்றுவிட்டுக் கிளம்புவது

விற்காதீர்கள், குத்தகைக்கு விடுங்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைச் சின்னத் தனியார் பள்ளிக்கு மாற்றுவது

பட்டணத்துக்கு வந்தும் அரசுப் பள்ளியா என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற கூச்சத்தினால் நடக்கும் தவறு இது. ஊரில் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்ணை, சென்னைக்கு வந்ததும் எட்டாம் வகுப்பில், மூன்று அறைகளும் ஒரு மொட்டை மாடியும் உள்ள மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். ஆண்டுக் கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. கல்லூரியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் தனியார் மெட்ரிக் பள்ளிக்குப் போன பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. நாலு ஆண்டுகள் கழித்து இவையெல்லாம் எவ்வளவு பெரிய உதவி என்பது புரியும்போது, இடையில் விட்ட வகுப்புகளைத் திரும்ப அரசுப் பள்ளியில் படிக்க வைக்க வழியில்லை. வீடு பார்க்கும்போதே பக்கத்தில் நல்ல அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. சென்னையில் அப்படிப்பட்ட பள்ளிகளுக்குக் குறைவில்லை.

முதல் மாதமே ரேஷன் அட்டையின் முகவரியை மாற்றுவது

அவசரமில்லை. வாடகை ஒப்பந்தம் ஒருமுறை புதுப்பிக்கப்படட்டும்.

ஊருக்குப் போய்வரும் செலவைக் கணக்கில் எழுதாதது

சென்னையில் குடியேறிய குடும்பத்தின் பணம் சென்னையிலேயே கரைகிறது என்று நினைப்பது சரியன்று. காதுகுத்து, வளைகாப்பு, குலதெய்வப் படையல், பங்காளி வீட்டுப் பதினாறாம் நாள் காரியம் என்று டெல்டாவில் ஒரு குடும்பம் தட்டிக்கழிக்க முடியாத நிகழ்ச்சிகள் ஆண்டு முழுவதும் வரும். தனியாளாக இருந்தவரை ஒரு பயணச்சீட்டோடு முடிந்தது, இப்போது நாலு பேரின் போக்குவரத்தும் மொய்யுமாகப் பெருகிவிடும். மாமனார் வீட்டு மூட்டை அரிசி இலவசம் என்று எழுதுகிறவர்கள், அதை எடுத்துவரப் போன பயணத்தின் செலவை எழுதுவதில்லை.

இதற்கு இடத்தேர்வு ஓரளவு உதவும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. நம் பக்கத்துக்குப் போகும் உழவன், மன்னை விரைவு ரயில்களும் தாம்பரத்தில் நின்று செல்கின்றன. ஆகவே வேலை செய்யும் இடம் புறநகர் ரயிலில் எட்டும் தூரத்தில் இருந்தால், தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே வீடு பார்ப்பவர்கள் நள்ளிரவு ஆட்டோக் கூலியிலிருந்து தப்பிக்கலாம். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதிலாக 60 நாளாகிவிட்டது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இந்த வண்டிகளில் இடம் வேண்டுமென்றால், நாட்காட்டியில் அந்த 60-ஆவது நாளைக் குறித்து வைத்துக்கொண்டு காலை 8 மணிக்குக் கைபேசியோடு தயாராக இருக்க வேண்டும். தவறவிட்டால் மிஞ்சுவது ஆம்னி பேருந்து. பண்டிகைக் கூட்டத்தில் நாலு பேருக்கு அது கேட்கும் கட்டணத்தில், அந்த மாதத்து மளிகைச் செலவின் பெரும்பகுதி போய்விடும்.